திரும்பி நின்ற எழுத்து

சவரியம்மாள் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியை அருங்காட்சியக மேசைமேல் வைத்தாள். தீக்கல் உரசிச் சுடும் அந்தக் காலத்துத் துப்பாக்கி அது. கொல்லரான தன் கொள்ளுத்தாத்தா பட்டறையில் செய்தது என்று அவள் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் யாரும் நம்பவில்லை. வெள்ளைக்காரனிடம் திருடியது என்றார்கள். அவர்கள் வீட்டுக்கே திருட்டுத் துப்பாக்கி வீடு என்று பெயர் விழுந்தது.

அதிகாரி யூசுப் விசைத் தகட்டை எண்ணெய் தொட்டுத் துடைத்தார். ஒரு கிரீடமும் இங்கிலீஷ் எழுத்துகளும் தெரிந்தன.

"அப்ப சீமைத் துப்பாக்கிதானா சார்?"

அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இல்லம்மா. லண்டன்னு வெட்டப் பாத்திருக்காங்க. 'எல்' தலைகீழா நிக்குது, ரெண்டு 'என்'னும் திரும்பி நிக்குது. சீமைக்காரன் தன் ஊர்ப் பேர இப்படியா எழுதுவான்? இங்கிலீஷ் தெரியாத நம்மூர்க் கொல்லர்தான் எதையோ பாத்து வெட்டியிருக்கார்."

சவரியம்மாள் அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது.

"அம்புட்டும் தப்புங்கறீங்களா?"

"அம்புட்டும் தப்பு."

அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"அத அப்படியே பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க சார். ஊர்ச் சாவடிச் செவுத்துல ஒட்டணும்."