நெஞ்சுப் படம்

"உந்தத் தர்மாஸ்பத்திரிக்கு இனி உங்களைக் கொண்டுபோகமாட்டன், அப்பு. மருந்துமில்லை, கட்டிலுமில்லை. பிரைவேட்டிலை காட்டுவம்."

தேவராசா இப்படிச் சொன்னதும் சிமியோனுக்கு இருமலே நின்றுவிட்டது. குருநகர்க் கடலில் ஐம்பது வருடம் வலை இழுத்த நெஞ்சு, இப்போது நாலடி நடந்தாலே இழுத்தது. கனடாவுக்குப் போக வழியில்லையென்று ஒரு வருடமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகனுக்குத் திடீரென்று இவ்வளவு பாசம்.

"அங்கை காசெல்லோ கேப்பினம். இங்கை ஓசி. கொப்பியும் இருக்கு" என்று கிளினிக் கொப்பியை எடுத்தார்.

"கொப்பி வேண்டாம். பிரைவேட்டிலை பேரைச் சொன்னால் காணும். அதை நான் சொல்லுறன்."

சொன்னபடி அவனே சொன்னான். சிமியோன் வெளியே வாங்கில் இருந்தார். பிறகு மகன் கைபிடித்து உள்ளே கூட்டிப்போக, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே கொழும்புக்குப் போகும்படி டாக்குத்தர் கடிதம் தந்துவிட்டாராம்.

அது குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டிய காலம். இளம் ஆட்களுக்கு லேசில் கிடைக்காது. நோய் முற்றிய வருத்தக்காரருக்கும் துணைக்கு ஒருவருக்கும் கொடுப்பார்கள். வீட்டில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர்கள் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பாடு அதோகதிதான்.

பாஸ் தாளில் மகன் விரல் வைத்த இடத்தில் சிமியோன் கையெழுத்து வைத்தார். பெற்ற பிள்ளை நீட்டுகிற தாளை எந்தத் தகப்பன் வாசித்துப் பார்ப்பான்? தனியே பிணை நிற்கப்போகிற மருமகள் கத்தரீனாவை நினைத்துத்தான் அவருக்குக் கவலை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், படகேறும் கிளாலித் துறைக்குப் போக வாடகை வான் வந்தது. சிமியோன் தோய்த்த வேட்டியும் சட்டையுமாக, செபமாலையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றார். கத்தரீனா இரண்டு சூட்கேசுகளோடு வெளியே வந்தாள்.

"நீங்கள் ஏன் மாமா வெளிக்கிட்டு நிக்கிறியள்?"

"நீ எங்கை பிள்ளை? பிணை நிக்கிறது நீயெல்லோ?"

"நான் இவருக்குத் துணை. பிணைக்குக் கையெழுத்து வைச்சது நீங்கள்."

சிமியோனுக்கு மூச்சு இழுத்தது. கேற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப வருத்தக்காரன் ஆர், தம்பி?"

தேவராசா எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானில் ஏறினான்.

"படம் உங்கடை நெஞ்சுதான், அப்பு. பேர் என்ரை."