வைன்மைஸ்டர் தெருவுக்கு என்ன குறி?

"ஸ்டேஷனை மறைக்கிறது உங்களுக்குப் புதுசா என்ன சார்?" என்றாள் மார்லீஸ்.

வுட்கே தலை நிமிரவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

ஊரைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்திருந்த சுவர் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெர்லின் சுரங்க ரயிலுக்கு இனி ஒரே வரைபடம். மேற்கில் அதை வரைந்துவந்தவள் மார்லீஸ், கிழக்கில் வுட்கே. இருவருக்கும் ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. நடுவில் பஞ்சாயத்துக்கு கீனாஸ்ட் என்ற அதிகாரி.

காலையில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. வண்டி மாறும் இடத்துக்கு வெள்ளைக் கட்டம், கடைசி ஸ்டேஷனுக்குத் தடித்த கோடு, மற்ற ஸ்டேஷன்களுக்குச் சின்னக் குறுக்குக் கோடு. இருவரும் தலையாட்டினார்கள்.

தகராறு மூடிக்கிடந்த ஸ்டேஷன்களில் வந்தது.

மேற்கு ரயில்கள் இரண்டு வழியில் கிழக்குக்கு அடியில் நுழைந்து மறுபடி மேற்கில் வெளிவரும். சுவர் எழுந்த நாளிலிருந்து நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் அவை நிற்பதில்லை. மார்லீஸின் படத்தில் அந்த ஸ்டேஷன்கள் பெருக்கல் குறியோடு இருந்தன. வுட்கேயின் படத்தில் அந்த வழிகளே கிடையாது.

சுவர் விழுந்தபின் சிலவற்றைத் திறந்துவிட்டார்கள்; மிச்சம் இருப்பவற்றை இந்த ஜூலையில் திறக்கப்போகிறார்கள்.

"அதுகளுக்குத் தனிக் குறி வேணும்" என்றாள் மார்லீஸ். "வட்டத்துக்குள்ள வட்டம். பார்க்கிறவங்க இது என்னன்னு கேக்கணும்."

"சாதாரணக் கோடே போதும் மேடம்."

"ஏன், யாராவது கேட்டா பதில் சொல்லக் கூச்சமா இருக்கா?"

"ஸ்டேஷன்னா ஏறணும், இறங்கணும். அவ்வளவுதானே."

"உங்க படத்துல அதுகூட இல்லையே."

கீனாஸ்ட் காப்பியை நகர்த்தி வைத்தார். "ஒரு குறிக்காக நீங்க ரெண்டு பேரும் இன்னொரு சுவர் கட்டிடாதீங்க. செங்கல் விலை ஏறிக் கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

மார்லீஸுக்கு அது வெறும் குறி இல்லை. கிழக்கில் மூடிக்கிடக்கும் வைன்மைஸ்டர் தெரு ஸ்டேஷனுக்கு நேர் மேலேதான் அவள் அக்கா ஹெல்லாவின் வீடு. அனுமதி வாங்கி, எல்லை சுற்றி, வருஷத்தில் ஓரிரு தடவை போய்ப் பார்ப்பாள். ஆனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வீட்டுக்கு அடியிலேயே போனாள். அங்கே ரயில் மெதுவாக ஊரும். மங்கின வெளிச்சம், எந்தக் காலத்திலோ ஒட்டின சோப்பு விளம்பரம், தூணோரமாக ஒரு காவல்காரன்.

"நீ வர்ற வண்டிக்கு என் அலமாரியில கோப்பையெல்லாம் லேசா ஆடும். மார்லீஸ் வீட்டுக்குப் போறாள்னு நினைச்சுக்குவேன்" என்று ஹெல்லா ஒருமுறை சொன்னாள்.

சுவர் விழுவதற்கு முந்தின வருஷம் ஹெல்லா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஜூலையில் அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும். எப்போதும் நின்ற மாதிரியே ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

"குறியைப் பிறகு பார்க்கலாம். முதல்ல யார் படத்து மேல யார் படத்தை ஏத்துறது, அதைச் சொல்லுங்க" என்றார் கீனாஸ்ட்.

"என் படம்தான் அடியில. அதுலதான் எல்லா ஸ்டேஷனும் இருக்கு" என்றாள் மார்லீஸ்.

ஒரே அளவில் எடுத்திருந்த டிரேசிங் தாள்களில் வுட்கேயின் தாளை அவள் தாள்மேல் பரப்பினார்கள். கிழக்கே போகும் வழி பாதி தூரம்தான் போனது. மீதி ஸ்டேஷன்களெல்லாம் மார்லீஸின் தாளில் கட்டணப் பட்டியல் போட்டிருந்த பெரிய பெட்டிக்குள் போய் விழுந்தன.

"இந்தப் பெட்டியை யார் இங்க போட்டது?" என்றார் கீனாஸ்ட்.

"நான்தான்" என்றாள் மார்லீஸ். "அங்க நம்ம ஆளுங்க யாரும் போறதில்லையே. காலி இடம்தானேன்னு போட்டேன்."

வுட்கே குனிந்து பார்த்தார். "பரவாயில்லை. என் வீடு மாதப் பயணச்சீட்டுக்குக் கீழ இருக்கு."

இந்த முறை கீனாஸ்ட் சிரித்துவிட்டார். மார்லீஸின் முகம் சிவந்தது.

"உங்க தாளை அடியில வைங்க சார்" என்றாள். "அது மட்டும் எந்த லட்சணத்துல இருக்குன்னு பார்ப்போம்."

இல்லாத வழிக்கு அதில் இடம் எங்கே இருக்கப்போகிறது? எத்தனை பெயர்களைச் சுரண்ட வேண்டியிருக்குமோ என்று பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டாள். தன் தாளை அவர் தாள்மேல் விரித்து மூலைகளை ஒட்டினாள்.

வடக்கிலிருந்து தெற்காக அவள் வழி இறங்கியது. ஒரு பெயர்மேலும் படவில்லை. அடுத்த வழியும் அப்படியே. வுட்கேயின் தாளில், நகரத்தின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு வெள்ளைப் பட்டைகள். பக்கத்து ஸ்டேஷன்களின் பெயர்கள்கூட அந்தப் பட்டைக்கு முதுகு காட்டி வெளிப்பக்கமாக எழுதப்பட்டிருந்தன. வைன்மைஸ்டர் தெரு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெயர் எழுதும் அளவுக்குத் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் கீனாஸ்ட்.

மார்லீஸ் வரைபவள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பிளேடைக் கீழே வைத்தாள்.

"இதை யாரும் கவனிக்கலையா சார்?"

"கவனிக்காம இருப்பாங்களா? இங்க கொடி போடு, விழாச் சின்னம் போடு, சிகரெட் விளம்பரம் போடுன்னு வருஷா வருஷம் ஒருத்தர் வருவார். அந்த இடத்துல தாள் மடியும், அச்சு கலைஞ்சிடும்னு சொல்லி அனுப்பிடுவேன்."

"மடியுமா?"

"எங்க மடிச்சா அங்க மடியும்" என்றார் வுட்கே. "அந்த வழியை வரையத்தான் எனக்கு அனுமதி இல்லை மேடம். அதுமேல வேற எதையும் வரையாம இருக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

மார்லீஸ் அந்த வெற்று இடத்தின்மேல் குனிந்தாள். பிறகு மைப்பேனாவை எடுத்து வைன்மைஸ்டர் தெருவுக்கு ஒரு சின்னக் குறுக்குக் கோடு போட்டாள்.