டப்பா கொள்ளும் அளவு

“மூடி மூடுதா இல்லையா, நீயே பாரு.”

சேந்தன் பிஸ்கட் டப்பாவைத் தட்டிக் காட்டினான். சிறுவயதில் பபிள்கம்மோடு வந்த, இப்போதும் அவன் தேடித் தேடி வாங்கும் கிரிக்கெட் கார்டுகள் அந்த டப்பா கொள்ளும் அளவுக்குத்தான் வீட்டில் இருக்கலாம். புதிதாக வாங்கினால் உள்ளே இருப்பதில் ஒன்று போய்விட வேண்டும். மனைவி யாழினி போட்ட நிபந்தனை.

“நேத்தும் ஒரு கட்டு வந்துச்சே. எதையெல்லாம் எடுத்த?”

“ஆபீஸ்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்.”

“உசுரைக் கேட்டாக்கூடக் குடுப்ப. கார்டைக் குடுப்பியா?”

அவன் சிரிக்கவில்லை. கார்டுகள் அவளுக்குப் பெரிதில்லை. இவ்வளவு நிதானமாக அவனால் தன்னிடம் பொய் சொல்ல முடியுமா என்பதுதான் பெரிது. அவன் பார்வை சுவர்ப்பக்கமே போகாததை அப்போதுதான் கவனித்தாள். அங்கே அவர்களுடைய கல்யாணப் போட்டோ சட்டத்துக்குள் புடைத்திருந்தது. இருவர் முகமும் கண்ணாடியில் அழுந்திக் கிடந்தன.

“சேந்தா, அந்தப் போட்டோவைக் கொஞ்சம் கழட்டிக் குடு.”