நீல ரிப்பன் கட்டிய பெட்டி

“பிள்ளை பொறந்தா கொடுக்கிற சாக்லேட், நாப்பது பெட்டி வேணும் ஹில்டா. நீல ரிப்பன் கட்டிடு.”

மூன்று மாதமாக லியர் ஊர்ச் சாக்லேட் கடைப் பக்கமே தலைகாட்டாத க்ரீட் இப்படிக் கேட்டதும், கடைக்காரி ஹில்டா பேனாவை எடுத்தாள்.

“பேரனா அக்கா?”

“பேரன் இல்ல. எங்க வீட்லதான்.”

க்ரீட்டின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு ஹில்டா ஆர்டர் சீட்டில் நாற்பது என்று எழுதினாள்.

“அட்டையில போட பேரு?”

“ஃபிர்மின்.”

“உங்க வீட்டுக்காரர் பேரையே வச்சிட்டீங்களா! பொறந்தது?”

“மார்ச் பதினாலு.”

“ரெண்டு மாசம் கழிச்சு இப்பதான் சாக்லேட்டா?”

“போன வாரம்தான் வீட்டுக்கு விட்டாங்க. அதுவரைக்கும் கண்ணாடி அறை. என்னையே தொட விடல. நாப்பதும் அந்த வார்டுல பார்த்துக்கிட்டவங்களுக்குத்தான்.”

ஹில்டாவுக்குக் கண் கலங்கியது. “பாவம், பச்சப்புள்ள! எடை எவ்வளவு?”

“எழுபத்தொரு கிலோ.”

பேனா நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு க்ரீட்டின் கணவர் ஃபிர்மின் மெல்ல உள்ளே வந்தார். திறந்திருந்த சட்டைக் கழுத்தில் புதுத் தழும்பு தெரிந்தது.

“வேற இதயம் வச்சிருக்காங்க ஹில்டா. புதுசாப் பொறந்திருக்கேன்.”

“யாரு கொடுத்தது அண்ணே?”

“சொல்ல மாட்டாங்களாம். கடிதம் எழுதிக் கொடுத்தா, ஆஸ்பத்திரியே அந்தக் குடும்பத்துக்கிட்ட சேர்த்திடுமாம்.”

ஹில்டா சீட்டில் நாற்பதை அடித்துவிட்டு, நாற்பத்தொன்று என்று எழுதினாள்.