சுவரோரத்துக் குழி

இந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எவனும் எதையும் செய்வதில்லை. அடுத்தவன் சுவரோரம் ஆளைப் புதைக்கிற அளவுக்குக் குழி வெட்டுகிறான். எதுக்குய்யா என்று கேட்டால் பல்லைக் காட்டுகிறான்.

அதனால்தான் முனிராஜ் கேட்பதை நிறுத்திவிட்டு, ஏணியைப் பிடித்து நேரே குழிக்குள் இறங்கி நின்றுவிட்டார். எழுபது வயதுக் கிழவர். குழி அவர் மார்பளவு இருந்தது. காலுக்கடியில் அடுப்புக்கரி நொறுங்கியது.

"மூடுங்க பார்க்கலாம். என்னையும் சேர்த்து மூடுங்க."

ஈஜிபுராவில் ஷங்கர் கட்டிய மூன்று மாடி வீட்டின் காம்பவுண்டுக்குள் இருந்தது அந்தக் குழி. சுவருக்கு அந்தப் பக்கம் முனிராஜின் ஓட்டு வீடு. கார் நிறுத்த இடமில்லை, வீட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று ஷங்கர் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். கல் சுமந்து கட்டின வீடு, செத்தாலும் தரமாட்டேன் என்று கிழவரும் பல தடவை சொல்லிவிட்டார்.

அன்று காலையில் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் கண்ணில் பட்டவை இவைதான்: ஒரு மூட்டை கரி, ஒரு மூட்டை கல்லுப்பு, பளபளவென்று ஒரு செப்புத் தகடு. அன்றைக்குப் பார்த்து அமாவாசை வேறு. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

"செய்வினை வெச்சு என்னைக் கிளப்பப் பார்க்கறே. இன்ஜினியருக்குப் படிச்சது இதுக்குத்தானா?"

ஷங்கர் கோபப்படவில்லை. குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. போன சித்திரை மழையில் இடி விழுந்து பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், டிவி எல்லாம் கருகிப் போயின. அதனால் இப்போது மேலே இடிதாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் விழுகிற இடி கம்பி வழியாக இறங்கி, இந்தத் தகட்டுக்கு வந்து, மண்ணுக்குள் போய்விடும். கரியும் உப்பும் மண்ணை ஈரமாக வைத்திருக்க.

"இடி எந்த வழியாப் போகணும்னு நீ சொல்லுவே, அது கேட்டுக்குமா? பி.டி.எஸ். பஸ்ஸா அது, ரூட் போட்டுக் குடுக்க?"

வாசற்படியில் நின்றிருந்த ஷங்கரின் மனைவி நிருபமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் எரிக் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தான். கோரமங்களா பக்கம் மேகம் கருகும்மென்று திரண்டிருந்தது.

"தாத்தா, கம்பி மேல நிக்குது, கீழ இன்னும் சேர்க்கல. இப்ப இடி விழுந்தா எல்லாருக்கும் கஷ்டம். நான் வர்றதுக்குள்ள சாரே இறங்கி மொதல் அடுக்கு கரியைக் கொட்டி வெச்சிருக்காரு, அவருக்கு அவ்ளோ அவசரம். நீங்க என்னடான்னா சும்மா தகராறு பண்றீங்க."

"அந்தத் தகட்டைக் குடு."

எரிக் கொடுத்தான். கிழவர் முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எச்சில் தொட்டு வேட்டி நுனியால் தேய்த்தார். கட்டம் இல்லை, எழுத்து இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ விவேக் நகர்க்காரன்தானே? வியாழக்கிழமை கோயிலுக்குப் போறவன்தானே? குழந்தை இயேசு மேல சத்தியம் பண்ணு."

எரிக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "குழந்தை இயேசு மேல சத்தியமா இந்தத் தகட்டுல ஒண்ணும் இல்ல தாத்தா. எஸ்.பி. ரோட்டுக் கடையில நானே பார்த்து வாங்கினது."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் முனிராஜ். இவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று தோன்றியது. தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷங்கர் பக்கம் திரும்பினார்.

"நீயும் பண்ணு."

"இது சயின்ஸ் பெரியவரே. இதுக்குப் போய் சத்தியம் எதுக்கு?"

முதல் தூறல் விழுந்தது. எங்கோ தொலைவில் உறுமியது. எரிக் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கிழவர் தானாகவே ஏணியில் ஏறி வெளியே வந்தார். காலில் ஒட்டிய கரியை ஷங்கரின் சிமெண்டுத் தரையில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"அவன் பண்ணினான், நீ பண்ணல. எனக்கு அது போதும். என் வீட்டு ஓடு ஒண்ணு நகர்ந்தாலும் வந்து தோண்டுவேன். நான் எங்கயும் போறதா இல்ல, பார்த்துக்க."

கேட்டைச் சாத்தாமல், திரும்பியும் பாராமல், மழையில் நடந்து போனார். மாடிப் பக்கம் ஒரு பார்வை, குழிப் பக்கம் ஒரு பார்வை என்றுகூட அவர் வைக்கவில்லை. எதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

எரிக் மளமளவென்று தகட்டை இறக்கி, கம்பியை முறுக்கி, உப்பும் கரியும் மண்ணும் போட்டு மூடினான். மேலே கம்பியைச் சரிபார்க்க மாடிக்கு ஓடினான். அவன் தலை மறைந்த பிறகுதான் நிருபமா படியிறங்கி வந்து, கணவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, அந்தக் கரிக்கு அடியில நாம வெச்ச மந்திரத் தகட்டு மேலதானே அவ்வளவு நேரம் நின்னாரு, அவருக்கு ஒண்ணுமே ஆகலையே?"