எல்லோர் காலண்டரிலும்

"மறுபடியும் அந்தச் சின்ன ரூமை அந்தம்மாதான் பிடிச்சு வச்சிருக்காங்க. முதல்ல அதை வெட்டி விடுங்க!" என்று டெக்னீஷியனிடம் கொதித்தார் மேனேஜர்.

அன்று காலையில்தான் அவன் ரூம் புக்கிங்கைக் கணினிக்கு மாற்றும் வேலையை முடித்திருந்தான். இதுவரை மீட்டிங் ரூம் வேண்டுமென்றால் கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதுவார்கள். சண்டை வந்தால் குரல் பெரிதாக இருப்பவருக்கு ரூம். இனி ரூம் புக்கிங் சாஃப்ட்வேரும் ஆபீஸ் காலண்டரும் ஒன்று. யார், எந்த ரூமை, எதற்காக எடுத்தார்கள் என்பது அத்தனை பேர் திரையிலும் தெரிந்துவிடும்.

"காரணம் போடற இடம் காலியா இருக்கு சார். மறந்திருப்பாங்க."

"தாள்ல எழுதினப்பவும் இதே கதைதான். தினம் ரெண்டு தடவையா மறப்பாங்க? உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறாங்க. கேட்டா வாயில கொழுக்கட்டை. இன்னிக்குள்ள காரணம் வரலைன்னா அத்தனை புக்கிங்கையும் தூக்கிடுங்க."

ரூமைப் பிடித்திருந்தவள் அக்கவுண்டன்ட். பிரசவத்துக்குப் போனவள், மாதம் ஒன்று முழுதாக ஆவதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அந்தத் தளம் முழுக்க அதே பேச்சுதான்.

"பச்சப் புள்ளைய விட்டுட்டு வர எப்படித்தான் மனசு வந்துச்சோ. கல்லு!" என்று அவள் பக்கத்து சீட்டுக்காரி டெக்னீஷியனின் காதில் போட்டாள். "வந்த அன்னிக்கே குழந்தை எப்படியிருக்குன்னு கேட்டேன். காதே கேக்காத மாதிரி திரும்பிக்கிட்டா. அதோட நாங்க யாரும் கேக்கறதில்ல."

அவனுக்கும் உறுத்தியது. அவன் மகளுக்கு ஐந்து மாதம். அவன் மனைவி குழந்தையை விட்டுவிட்டுத் தெருமுனைவரை போவதற்கே தயங்குவாள்.

அக்கவுண்டன்ட்டின் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், அந்த ரூமுக்கு ஒரு காரணம் போடணும்."

"போட்டே ஆகணுமா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லைன்னா ரூம் கைய விட்டுப் போயிடும்."

மேசைக்கடியில் இருந்த துணிப்பையை அவள் அவசரமாகக் காலால் உள்ளே தள்ளினாள். ஆனாலும் பையிலிருந்து எட்டிப் பார்த்ததை அவன் கண்டுகொண்டான். தாய்ப்பால் எடுக்கும் பம்ப். அவன் வீட்டிலும் ஒன்று இருந்தது.

"அட, இதுக்கா! முதல்லயே சொல்லியிருந்தா மேனேஜர் வாயைத் திறந்திருப்பாரா?"

"வேணாங்க. போன் பேசறதுக்குன்னு போடுங்க."

"போனை மாடிப்படியில நின்னு பேசச் சொல்வார். இதுல என்ன மேடம் வெக்கம்?"

"வெக்கமெல்லாம் இல்ல. தயவுசெஞ்சு போடாதீங்க."

பாவமாக இருந்தது அவனுக்கு. தன் இடத்துக்குத் திரும்பியவன், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், 'குழந்தைக்குப் பால்' என்று தட்டிவிட்டான்.

அத்தனை கணினிகளும் ஒன்றாக 'டிங்' என்றன.

தளமே எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. பக்கத்து சீட்டுக்காரி முதல் ஆளாக அவள் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுக்கடி, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். பையனா, பொண்ணா?"

"போட்டோ காட்டுங்க!"

"யாரு ஜாடை? அப்பாவா, நீங்களா?"

மேனேஜரே அசடு வழியச் சிரித்தார். "ரூம் உங்களுக்குத்தாம்மா. புள்ள வயிறு நிறையணும்ல?"

டெக்னீஷியனுக்கு மனம் நிறைந்தது.

அவள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடி, ரூம் வாசலில் அவளைப் பிடித்தான்.

"கோவமா மேடம்? எல்லாரும் எவ்வளவு பாசமா விசாரிக்கறாங்க பாருங்க. குழந்தை தலை நிக்கற வரைக்குமாவது நீங்க லீவு கேட்டிருக்கலாம்."

"ஹெட் ஆபீஸ்ல லீவு குடுத்தாங்க. பாதியிலயே ரத்து பண்ணி வரச் சொல்லிட்டாங்க."

"அது எப்படி பண்ண முடியும்?"

அவள் கதவுக்குள் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"புள்ள பொறந்த வாரமே போயிட்டான் தம்பி. பால்தான் இன்னும் நிக்க மாட்டேங்குது."