நடுவில் விட்ட இடம்

கரும்பலகையின் இடது ஓரத்தில் விலங்கியல் மேடம் மரமேறும் சிறு பிராணி ஒன்றை வரைந்தாள். வலது ஓரத்தில் வௌவால்.

நடுவில் ஒரு முழம் வெறும் பலகை.

எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

நாற்பத்திரண்டு தலைகள் குனிந்தன. இந்தப் பாடத்துக்குத் தமிழில் புத்தகம் கிடையாது. மேடம் வாயிலிருந்து வருவதுதான் புத்தகம். ஒரு சொல் விடாமல் எழுதுவார்கள். போன வருடம் ஒருத்தி 'ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை' என்பதையும் சேர்த்து எழுதி, பரீட்சையிலும் எழுதிவிட்டு வந்தாள்.

எந்தப் பிராணியானாலும் பெயரைக் கேட்டு எழுதி, அடியில் கோடு போட வேண்டும். அது மேடமே முதல் நாள் பழக்கிய பழக்கம்.

விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறாள். கடிதத்தில் காய்ச்சல் என்று இருந்தது. மாமியார் அப்படித்தான் எழுதச் சொன்னார்.

கருவில் எல்லாருடைய விரல்களுக்கு நடுவிலும் சவ்வு இருக்கும் என்று சொன்னாள். நமக்கு அது கரைந்துவிடும். வௌவாலுக்குக் கரையாமல் நின்று சிறகாகும்.

குரல் நடுங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பயந்தது இந்த வரிக்குத்தான்.

அடுத்ததற்கும் பயந்திருக்க வேண்டும்.

கிடைத்ததிலேயே பழைய வௌவால் எலும்புக்கூட்டுக்கு ஐந்து கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அதிலேயே சிறகு முழுதாக இருக்கிறது. அதற்கு முன்னால், பாதி கையும் பாதி சிறகுமாக இருந்தது கிடைக்கவே இல்லை. மெல்லிய எலும்பு. மண்ணில் தங்காது. எலும்பு கிடைத்தால்தான் பெயர் வைப்பார்கள். இதற்குப் பெயரும் இல்லை.

சொல்லிவிட்டு நடுவில் விட்ட இடத்தைப் பார்த்தாள்.

ஏழு மாசம் ஆகாததுக்குப் பதிவு கிடையாதும்மா என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் சொன்னார்கள். பார்க்க வேண்டாம் என்று கையில் கொடுக்கவும் இல்லை. பொம்பளப் பிள்ளை என்று ஆயா மட்டும் காதோடு சொன்னாள்.

அடுத்தது நல்லபடியாக வரும் என்கிறார்கள். அவளுக்கு அடுத்தது வேண்டாம். அதுதான் வேண்டும்.

முன்வரிசையில் பேச்சியம்மாள் கை தூக்கினாள். எதையும் கேட்காமல் விடுகிற பெண் இல்லை.

"கிடைக்கலன்னா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னுதான மேடம் அர்த்தம்?"

வருடா வருடம் யாராவது கேட்பதுதான். பதிலும் மனப்பாடம். கிடைக்காததால் இல்லை என்று ஆகிவிடாது, பல லட்சம் வருடம் இருந்தது என்பாள்.

"இருந்துச்சு," என்றாள். "அஞ்சு மாசம் இருந்துச்சு."

பேனாக்கள் ஓடின.

தன் வாயிலிருந்து வந்ததை அவள் அப்போதுதான் கேட்டாள். தப்பு, அடித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். முடியவில்லை. மாமியார் அடித்தாயிற்று. கவுண்டரில் அடித்தாயிற்று. தானும் எப்படி அடிப்பாள்?

பேச்சியம்மாள் மட்டும் எழுதவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"பேர் என்ன மேடம்?"

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். நடுவில் விட்ட இடத்தில் சாக்பீஸை வைத்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாத பெயர்.

குயிலி.

கை பழக்கத்தில் அடியில் கோடும் போட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பெட்டிகளைத் திறந்து ஸ்கேல் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டு ஸ்கேல்கள்.